கட்டுரை எழுதும் பிள்ளைகளுக்குக் 'கூற்று, சான்று, மறுப்பு' என்று பாடமாகவே சொல்லித்தரலாமா?

ஒன்பதாம்வகுப்பு_தமிழ்:

அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். ஒரு கருத்தை இங்கே வைக்கிறேன். எதிர்ப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கட்டுரை எழுதப் பழக்கும்போது கூற்று, காரணம், சான்று, ஒப்புதல், மறுப்பு, வரம்பு ஆகிய பெயர்களையும், அவற்றோடு வரும் தொடர்களையும் பாடமாகவே நடத்த வேண்டும். "நிறையப் படித்தால் தானாக வரும்" என்று விட்டுவிடக் கூடாது.

எங்கள் ஊர் ஏரியில் கோடையில் வண்டல் மண் அள்ளுகிறார்கள். அதைப் பற்றி ஊருக்குள் இரண்டு விதமான பேச்சு உண்டு. 'ஏரியில் மண் அள்ளலாமா?' என்று வகுப்பில் தலைப்புக் கொடுத்தேன். பெரும்பாலான நோட்டுகளில் வந்தது இப்படித்தான்:

"ஏரி நமக்குத் தாய் போன்றது. நீரின்றி அமையாது உலகு என்றார் வள்ளுவர். ஏரியில் மண் அள்ளுவது மிகப் பெரிய தவறு. ஏரிகளைக் காப்போம், எதிர்காலத்தை மீட்போம்."

இதை எழுதிய பையன்களில் ஒருவனிடம் இடைவேளையில் பேச்சுக் கொடுத்தேன். "வண்டல் அள்ளினா நல்லதுதான் டீச்சர். வயலுக்குப் போடுறாங்க, ஏரியும் ஆழமாகும். ஆனா வண்டி நிறுத்த வசதின்னு கரையோரமாவே தோண்டுறாங்க. மழைக்குக் கரை நிக்காது" என்றான்.

எல்லாமே அந்தப் பேச்சில் இருக்கிறது. எதிர்த்தரப்பின் நியாயத்தை ஒப்புக்கொள்கிறான். தான் எங்கே வேறுபடுகிறான் என்று காட்டுகிறான். காரணம் சொல்கிறான், என்ன ஆகும் என்றும் சொல்கிறான். நோட்டில் இதில் ஒன்றுகூட இல்லை. தான் வாயால் செய்த வேலைக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதுதான் கட்டுரைக்கு வேண்டிய சரக்கு என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்லித்தருவது தமிழாசிரியரின் வேலை என்பது என் வாதம்.

கரும்பலகை:

டீச்சர், நான் பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தமிழ்தான் என் பாடம். நீங்கள் சொன்ன எடுத்துக்காட்டை வைத்தே மறுக்கிறேன்.

அந்தப் பையனுக்கு 'ஒப்புதல்' என்ற சொல் தெரியாது, ஆனால் ஒப்புக்கொண்டான். 'வரம்பு' என்ற சொல் தெரியாது, ஆனால் "கரையோரமாவே" என்று வரம்பு கட்டினான். அவனுக்குக் குறை சொல்லிலா இருக்கிறது? கட்டுரை என்றால் முன்னுரை, மூன்று உட்தலைப்பு, கறுப்பு மையில் ஒரு மேற்கோள், முடிவுரை என்று நாம் பழக்கி வைத்திருக்கிறோம். பத்தாம் வகுப்புத் தேர்வில் குறிப்புகளைக் கொடுத்து விரித்து எழுதச் சொல்கிறார்கள். பிள்ளை அந்தக் குறிப்புகளை நிரப்புகிறான், தான் நினைப்பதை எழுதுவதில்லை. இதற்கு மேல் இன்னொரு பட்டியலை நீங்கள் கொடுத்தால் அதையும் நிரப்புவான். அவ்வளவுதான் நடக்கும்.

இணைப்புச் சொற்களைப் பட்டியல் போட்டுப் பழக்கிய வகுப்புகளின் விடைத்தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன். அந்த நடைக்கு ஒரு மாதிரி தருகிறேன்: "மரங்கள் நிழல் தருகின்றன. மேலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. எனவே மரங்கள் உயர்ந்தவை. இருப்பினும் மக்கள் மரங்களை வெட்டுகின்றனர். ஆகவே மரம் வளர்ப்போம்." எனவே, ஆகவே, இருப்பினும் மூன்றும் வந்துவிட்டன. ஒரு வாக்கியத்திலிருந்தும் அடுத்தது பிறக்கவில்லை. இதற்கு, சொல் இல்லாமல் எழுதியிருந்தாலாவது 'இங்கே காரணம் இல்லையே' என்று பளிச்சென்று தெரிந்திருக்கும். 'எனவே' அந்த ஓட்டையை மூடிவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். 1925-இல் தொடங்கிய 'குடி அரசு' இதழில் பெரியார் எழுதியவற்றை எடுத்துப் பாருங்கள். எதிராளி என்ன சொல்வான் என்று தானே எடுத்துவைத்து, ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டு, வாசகனைக் கூடவே அழைத்துப் போவார். அவ்வளவும் புழக்கத்தில் இருந்த சொற்கள். 'இது கூற்று, இது சான்று' என்று அவர் பெயர் சூட்டிக்கொண்டிருக்கவில்லை. வாதம் செய்ய ஆள் வேண்டும், சங்கதி வேண்டும், எழுதுபவனுக்கு அதில் அக்கறை வேண்டும்.

ஒன்பதாம்வகுப்பு_தமிழ்:

ஐயா, மரங்கள் பற்றிய அந்தப் பத்தியை நானும் பார்க்காத ஆண்டு இல்லை. ஆனால் நான் கேட்பது இணைப்புச் சொல் பட்டியல் அல்ல. வேறு இரண்டு வகைச் சொற்களை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, வினாவில் வரும் ஏவல்கள். விளக்குக, விவரி, ஒப்பிடுக, வேறுபடுத்துக, காரணம் கூறுக, நிறுவுக, மதிப்பிடுக. இவை தமிழ்ப் பாடத்தில் மட்டும் வருபவை அல்ல. அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்களில் பாடத்துக்குப் பாடம் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. எந்த ஏவல் வந்தாலும் பிள்ளை செய்வது ஒன்றுதான்: அந்தத் தலைப்பில் தனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவைப்பது. 'காரணம் கூறுக' என்று கேட்டால் காரணம் நாலாவது வரியில் எங்கோ கிடக்கும். 'வேறுபடுத்துக' என்றால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று கட்டம் போடுவார்கள். ஆனால் இடப்பக்கம் நிறத்தைச் சொல்லியிருப்பார்கள், வலப்பக்கம் பயனைச் சொல்லியிருப்பார்கள். எந்த வகையில் வேறுபடுகிறது என்ற அளவுகோல் ஒன்று வேண்டும் என்பதை எந்தப் பாடத்தின் ஆசிரியரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை. அறிவியல் ஆசிரியர் தமிழாசிரியர் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிறார், நாம் அது அறிவியல் பாடம் என்று விட்டுவிடுகிறோம்.

இரண்டாவது, பிறர் பேச்சை எடுத்துச் சொல்லும் வினைகள். பிள்ளைகளின் கட்டுரையில் எல்லோரும் 'கூறுகிறார்', இல்லையென்றால் 'என்றார்'. வலியுறுத்துகிறார், ஐயப்படுகிறார், ஒப்புக்கொள்கிறார், மறுக்கிறார், சுட்டிக்காட்டுகிறார், குற்றம் சாட்டுகிறார் என்று ஆறு வினைகளை வைத்துக்கொண்டு ஒரு நாளிதழில் ஆசிரியருக்கு வந்த கடிதத்தைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். கடிதம் எழுதியவர் ஒவ்வொரு வரியிலும் என்ன செய்கிறார் என்று பிள்ளை கவனிக்க ஆரம்பிக்கிறான். 'ஐயப்படுகிறார்' என்பதா, 'மறுக்கிறார்' என்பதா என்று இரண்டு பேர் பெஞ்சில் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையில் வாசிப்பு நடக்கிறது.

வடமராட்சி:

வணக்கம் ரீச்சர், வணக்கம் ஐயா. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், தமிழ் ஆசிரியர்.

இரண்டு பேரும் 'எனவே, ஆகவே' பற்றியே கதைக்கிறீர்கள். தமிழில் வாதத்தின் மூட்டுகள் அதிகம் இருப்பது தனிச்சொற்களில் அல்ல, வினையின் ஈற்றில். கரும்பலகையில் ஒரே வாக்கியத்தை இப்படி மாற்றி மாற்றி எழுதிக் காட்டுவேன்:

மழை பெய்ததால் குளம் நிறைந்தது.
மழை பெய்தும் குளம் நிறையவில்லை.
மழை பெய்தால் குளம் நிறையும்.
மழை பெய்தாலும் குளம் நிறையாது.
மழை பெய்ததே தவிர குளம் நிறையவில்லை.
மழை பெய்தது என்பதற்காகக் குளம் நிறைந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

முதலாவது காரணம். இரண்டாவது, எதிர்பார்த்தது நடக்கவில்லை என்ற குறிப்பு. மூன்றாவது நிபந்தனை. நாலாவது, அந்த நிபந்தனை போதாது என்ற மறுப்பு. ஐந்தாவதில் எழுதுபவரின் ஏமாற்றம் தெரிகிறது. ஆறாவது, ஒன்றிலிருந்து இன்னொன்றை அவசரப்பட்டு முடிவு கட்டுபவரை நிறுத்துகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே முதல் ஐந்தும் வாயில் சரளமாக வரும். எழுதும்போது மட்டும் எல்லாம் சின்னச் சின்ன வாக்கியமாகத் துண்டுபட்டு, நடுவில் 'மேலும்' வந்து உட்காருகிறது. வாக்கியத்துக்கு வெளியே ஒரு இணைப்புச் சொல்லை வைக்கும் பழக்கம் ஆங்கில வகுப்பின் பட்டியல்களிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். நம்மவர்கள் அதை அப்படியே தமிழ்க் கட்டுரைக்கும் கொண்டு வந்துவிட்டார்கள்.

ஆகவே என் நிலை: சொல்லித்தர வேண்டும், ஆனால் பிள்ளைக்குத் தெரிந்த ஈறுகளிலிருந்து தொடங்க வேண்டும். ஆறாவது வாக்கியம் போன்றவை வீட்டுப் பேச்சில் அவ்வளவாக வராது. அவற்றுக்குத்தான் பாடவேளை தேவை.

கரும்பலகை:

வடமராட்சி ஆசிரியரே, இது அருமை. இதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. இது இலக்கணப் பாடத்தைப் பொருளோடு நடத்துவது. எச்சம் எத்தனை வகை என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, அந்த எச்சம் வாதத்தில் என்ன வேலை செய்கிறது என்று காட்டுகிறீர்கள். என் எதிர்ப்பு பெயர்ப் பலகைகளுக்குத்தான்.

ஆங்கிலப்_பாடவேளை:

கரும்பலகை சார், அந்தப் பெயர்ப் பலகைக்கு ஆதரவாக நான் பேசுகிறேன். ஆங்கிலம் எடுக்கிறேன், ஆனால் இது மொழியைக் கடந்த விஷயம்.

ஸ்டீபன் டூல்மின் என்ற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் 1958-இல் வெளியிட்ட நூலில் ஒரு வாதத்தை ஆறு உறுப்புகளாகப் பிரித்துக் காட்டினார். நிலைநாட்ட வரும் கூற்று, அதற்கு அடிப்படையான தகவல், தகவலையும் கூற்றையும் பிணைக்கும் பொதுவிதி, அந்த விதிக்கு ஆதரவு, 'பெரும்பாலும்' 'அநேகமாக' போன்ற அளவுச் சொல், விதி பொருந்தாமல் போகும் சூழல். அமெரிக்காவில் கட்டுரை வகுப்புகளில் இதை இன்றும் சொல்லித்தருகிறார்கள்.

ஏரிப் பையன் சொன்னதை இதில் வைத்துப் பாருங்கள். "கரையோரமாவே தோண்டுறாங்க" என்பது தகவல். "கரை நிக்காது" என்பது கூற்று. பொதுவிதி எங்கே? கரையின் அடிவாரத்தில் மண் குறைந்தால், ஏரி நிரம்பும்போது நீர் தள்ளுவதைக் கரையால் தாங்க முடியாது என்பதுதான் விதி. அவன் அதைச் சொல்லவில்லை. அவனுக்கும் அவன் ஊர்க்காரர்களுக்கும் அது தெரியும், சொல்ல வேண்டியதில்லை. ஏரியே பார்க்காத ஒருவர் படித்தால் அங்கே இடறுவார். எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள வேறுபாடு இதுதான், எதிரில் ஆள் இல்லை. பொதுவிதி என்ற ஒரு பெயர் கையில் இருந்தால், 'அது எங்கே?' என்று பிள்ளை தன் நோட்டைத் தானே கேட்டுக்கொள்ளலாம். பெயர் இல்லாவிட்டால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அது எப்படி நடக்கும்?

கரும்பலகை:

நல்ல கேள்வி. ஆனால் டூல்மின் அந்த நூலை எழுதியது பள்ளிக் கட்டுரைக்காக அல்ல. அன்றாட வாழ்விலும் நீதிமன்றத்திலும் நாம் செய்யும் வாதங்கள் முறைசார் தருக்கத்தின் அச்சில் அடங்காது என்று தத்துவ உலகத்தோடு வாதாட எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதையே வகுப்பறை அச்சாக்கிவிட்டார்கள். நான் பயப்படுவது சரியாக இதற்குத்தான். 'பொதுவிதி எங்கே?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'இதைப் படிக்கும் வெளியூர்க்காரன் ஏன் என்று கேட்பானே, என்ன சொல்வாய்?' என்று கேளுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும்.

அரும்பு:

சட்டக் கல்லூரி மாணவி. பெரியவர்கள் நடுவில் ஒரு வார்த்தை.

பெயர்கள் வெளியிலிருந்து வந்த பலகைகள் என்று நினைக்க வேண்டாம், ஐயா. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி மணிமேகலைக்கு அளவையை, அதாவது தருக்க முறையை, சொல்லித்தருகிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து உறுப்புகளைப் பெயர் சொல்லியே தொடங்குகிறார். இந்த மலை நெருப்பு உடையது என்பது பக்கம், புகை இருப்பதால் என்பது ஏது, அடுக்களை போல என்பது திட்டாந்தம். அதோடு விடவில்லை. பக்கம், ஏது, திட்டாந்தம் ஒவ்வொன்றிலும் போலி எப்படி வரும் என்று வகை வகையாகச் சொல்கிறார். பெயர் இருப்பதால்தான் போலியைப் பிடிக்க முடிகிறது. உங்கள் மரப் பத்தியில் உள்ள 'எனவே' ஒரு போலி ஏது. அதை அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வீர்கள்? 'சரியில்லை, திரும்ப எழுது' என்றா?

நன்னூல் பாயிரத்தில் எழுவகை மதம் வருகிறது. மதம் என்றால் இங்கே சமயம் அல்ல, கொள்கை. உடன்படல், மறுத்தல், பிறர் மதத்தை மேற்கொண்டு பிறகு களைதல், தானே ஒரு பொருளை நாட்டி அதை நிறுவுதல், இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டுதல், பிறரோடு ஒட்டாமல் தன் மதம் கொள்ளுதல். நூல் எழுதுபவர் எடுக்கக்கூடிய நிலைகளின் பட்டியல் இது. 13-ஆம் நூற்றாண்டு ஆசிரியர் பவணந்தி இதைப் பெயரிட்டு வகைப்படுத்தியிருக்கிறார். நாம் பிள்ளைகளுக்கு நன்னூலில் எழுத்தையும் சொல்லையும் நடத்துகிறோம், இதை எட்டிப் பார்ப்பதில்லை.

நான் கல்லூரிக்கு வந்த பிறகுதான் 'நேரில் கண்டது' வேறு, 'பிறர் சொல்லக் கேட்டது' வேறு என்று சாட்சியச் சட்டத்தில் படித்தேன். ஏரிக் கட்டுரையில் 'ஊரில் சொல்கிறார்கள்' என்று ஒருவன் எழுதுகிறான், 'நான் பார்த்தேன்' என்று இன்னொருவன் எழுதுகிறான். இரண்டுக்கும் எடை வேறு என்று ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லியிருக்கலாமே.

கரும்பலகை:

அம்மா, மணிமேகலை இதைக் கேட்டது எப்போது? காஞ்சிக்கு வருவதற்கு முன் வஞ்சியில் பல சமயத்தார் வாதங்களைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டாள். அளவைவாதி தொடங்கி ஒவ்வொருவராகப் பேச, 27-ஆம் காதை முழுக்க அவள் கேட்டுக்கொண்டே போகிறாள். அதற்குப் பிறகுதான் அறவண அடிகளிடம் உறுப்புப் பெயர்கள். நான் சொல்லும் வரிசையும் அதுதான். முதலில் முழு வாதங்களைக் கேட்கட்டும், படிக்கட்டும். பெயர் பிறகு.

டீச்சர் காட்டிய நோட்டில் "நீரின்றி அமையாது உலகு" என்று ஒரு மேற்கோள் இருந்ததே, அதையே பாருங்கள். குறள் அப்படி இல்லை.

நீரின்று அமையாது உலகெனின் யார்யார்க்கும்
வானின்று அமையாது ஒழுக்கு.

'எனின்' என்று ஒரு சொல் அங்கே இருக்கிறது. நீர் இல்லாமல் யாருக்கும் உலகியல் நடக்காது என்பதை ஒப்புக்கொள்கிறாயா? அப்படியானால் அந்த நீரின் ஒழுக்கு மழை இல்லாமல் நடக்காது என்பதையும் ஒப்புக்கொள் என்று வள்ளுவர் கேட்பவனைக் கூட்டிக்கொண்டு போகிறார். முழுக் குறளும் ஒரு வாதம். நாம் முன்பாதியை அறுத்து, 'எனின்' என்பதையும் தூக்கி எறிந்துவிட்டு, சுவரில் எழுதும் வாசகமாக்கிப் பிள்ளை கையில் கொடுத்திருக்கிறோம். இந்த ஒரு குறளை ஒரு பாடவேளை முழுக்கப் படிக்கட்டும். உங்கள் பட்டியல் செய்யாததை அது செய்யும்.

ஒன்பதாம்வகுப்பு_தமிழ்:

ஐயா, இப்போது நீங்கள் செய்தது என்ன? ஒரு சொல்லை, 'எனின்' என்பதைத் தனியே எடுத்துக் காட்டி, அது வாதத்தில் என்ன வேலை செய்கிறது என்று சொன்னீர்கள். நான் கேட்பதும் அதைத்தான். இந்த ஒரு குறளை வைத்து ஒரு பாடவேளை நடத்த எனக்குச் சம்மதம். அந்தப் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில் 'இதற்குப் பெயர் நிபந்தனை, இது ஒப்புதல் வாங்குவது, இது முடிவு' என்று பலகையில் எழுதுவேன். அடுத்த வாரம் இன்னொரு பத்தி படிக்கும்போது அதே பெயர்களால் பேசிக்கொள்ள முடியும். பெயர் எழுதாவிட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கரும்பலகை:

பத்து நிமிடம் என்றால் எனக்கு மறுப்பில்லை. நீங்கள் முதல் பதிவில் கேட்டது 'பாடமாகவே' என்று.

நெசவாளர்நகர்_அம்மா:

நான் ஆசிரியர் இல்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளின் அம்மா. தறி வேலை. இதை ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பெரியவர் ஐயா, நீங்கள் 'நிறையக் கேட்கட்டும், படிக்கட்டும், பெயர் பிறகு' என்கிறீர்கள். எங்கள் வீட்டில் பத்திரிகை வாங்குவதில்லை. நான் ஏழாவதோடு நின்றவள். என் மகள் முழு வாதம் ஒன்றைக் கேட்பது என்றால் டிவியில் நாலு பேர் கத்துவதைத்தான். படித்த வீட்டுப் பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் அப்பா அம்மா பேசுவதிலேயே 'அது ஒரு காரணம்தான், ஆனால் அதுவே முழுக் காரணம் இல்லை' என்பதையெல்லாம் கேட்டு வளரும். தானாக வருவது அந்தப் பிள்ளைக்குத்தான். என் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சொன்னால்தான் உண்டு. அவளுக்கும் மூளை இருக்கிறது, கேள்வி கேட்கிறாள். போன மாதம் கூலியில் பணம் பிடித்ததற்கு முதலாளி ஆள் சொன்ன காரணத்தை அவள்தான் பக்கத்தில் நின்று 'அப்போ போன வாரம் ஏன் அப்படிப் பிடிக்கவில்லை?' என்று கேட்டாள். அந்தக் கேள்வியைத் தாளில் எழுத வைக்க ஒருத்தர் வேண்டும். பெயர் சொல்லிக் கொடுங்கள் டீச்சர்.

ஆங்கிலப்_பாடவேளை:

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவில் 1980-களில் சிட்னியைச் சுற்றிய பள்ளிகளில் ஜிம் மார்ட்டின், ஜோன் ராதெரி போன்றவர்கள் எழுத்து வகைகளை வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும் என்று நின்றது இதே காரணத்துக்காகத்தான். பிள்ளை தானாகக் கண்டுகொள்ளட்டும் என்று விட்டால், வீட்டில் ஏற்கெனவே கண்டுகொண்ட பிள்ளை மட்டுமே முன்னேறும் என்றார்கள்.

கரும்பலகை:

அம்மா, நீங்கள் சொன்னதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. பத்திரிகை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதை வகுப்பறையில் தர வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. எதை முதலில் தருவது என்பதில்தான். உங்கள் மகள் 'போன வாரம் ஏன் அப்படிப் பிடிக்கவில்லை?' என்று கேட்டது தரமான மறுப்பு. எதிராளியின் விதியை எடுத்து அவர் செய்த வேறொரு காரியத்தோடு மோத விட்டிருக்கிறாள். ஆசிரியர் முதலில் செய்ய வேண்டியது, அந்தக் கேள்வியை அவள் பேசியபடியே எழுதச் சொல்வது. 'இது கட்டுரைக்கு வராது, தூய தமிழில் எழுது' என்று அடித்துவிட்டு, பிறகு 'மறுப்பு' என்ற தலைப்பின் கீழ் ஐந்து வரி எழுதச் சொன்னால் அவள் வாயை மூடிக்கொள்வாள். நான் பார்த்தது அதைத்தான், பல பள்ளிகளில்.

மதிப்பெண் பற்றியும் கவலைப்படுகிறேன். பெயர் பாடமானால் அதற்கு மதிப்பெண் வரும். மறுப்புக்கு இரண்டு மதிப்பெண் என்று வந்துவிட்டால், யாருமே சொல்லாத ஒரு கருத்தைச் 'சிலர் கூறுவர்' என்று எழுதி, அதைத் தாங்களே வீழ்த்துவார்கள். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் 'என்று உரைப்பாரும் உளர்' என்று எழுதினால், அப்படி உரைத்தவர் உண்மையிலேயே இருந்தார்.

வடமராட்சி:

ஐயா சொல்வது எங்கள் விவாதப் போட்டிகளில் கண்கூடு. இங்கே பள்ளித் தமிழ் மன்றங்களில் விவாதம் மிகப் பெரிய விஷயம். அணிகள் மாதக்கணக்கில் தயார் செய்யும். நல்ல அணி, எதிரணி உண்மையில் சொன்னதைக் குறித்து வைத்துத் தொகுப்புரையில் பதில் சொல்லும். மோசமான அணி, எதிரணி இதைத்தான் சொல்லும் என்று வீட்டில் எழுதிக்கொண்டு வந்த மறுப்பை, எதிரணி அதைச் சொல்லாவிட்டாலும் வாசித்துவிட்டுப் போகும். நன்னூல் பெயரிலேயே இதற்குத் திருத்தம் இருக்கிறது. பிறர் மதத்தை *மேற்கொண்டு* களைதல். முதலில் அந்தக் கருத்தை உன் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டும், பிறகுதான் களைவது. ஏற்றிக்கொள்ளாமல் களைந்தால் எதிரே ஒருவரும் இல்லை.

அரும்பு:

மதிப்பெண் பற்றி ஒன்று. இப்போது மட்டும் என்ன? மேற்கோளுக்கு மதிப்பெண் இருக்கிறது, அதனால்தான் குறள் பாதியாக அறுபடுகிறது. எதற்காவது மதிப்பெண் இருக்கத்தான் போகிறது என்றால், அது மேற்கோளைவிடச் சான்றுக்கு இருக்கட்டும்.

ஒன்பதாம்வகுப்பு_தமிழ்:

மதிப்பெண் கேள்விக்கு நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். பொதுத்தேர்வை என்னால் மாற்ற முடியாது. ஒன்பதாம் வகுப்பின் வகுப்புத் தேர்வு என் கையில் இருக்கிறது.

ஏரிக் கட்டுரையைத் திரும்ப எழுதச் சொன்னபோது ஒரு நிபந்தனை வைத்தேன். மண் அள்ளுவதை ஆதரிக்கும் ஒருவரிடம் போய்ப் பேச வேண்டும், அவர் சொன்னதை அவரே கேட்டால் 'ஆமாம், நான் இதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்ளும்படி எழுத வேண்டும். அந்தப் பகுதிக்குத்தான் அதிக மதிப்பெண். மறுப்பு என்ற தலைப்புப் போடச் சொல்லவில்லை. முதல் பதிவில் சொன்ன அதே பையன் எழுதியது இது. எழுத்துப்பிழை மட்டும் திருத்தியிருக்கிறேன்:

"எங்கள் பெரியப்பா வயலுக்கு வண்டல் அடித்தார். வண்டல் போட்டால் ரசாயன உரம் குறைவாகப் போதும் என்கிறார். ஏரியும் ஆழமாவதால் தண்ணீர் அதிகம் நிற்கும் என்கிறார். அவர் சொல்வது சரிதான், நானும் வயலில் பார்த்தேன். ஆனால் வண்டிகள் கரைக்குப் பக்கத்திலேயே நிற்பதால் கரையின் அடியில் தோண்டுகிறார்கள். அடியில் மண் இல்லாத கரை தண்ணீர் நிறைந்தால் தாங்காது. பெரியப்பாவிடம் இதைக் கேட்டேன். நடுவில் அள்ளினால் வண்டி சேற்றில் மாட்டும் என்றார். கோடை முடிவதற்குள் அள்ளினால் நடுவிலும் காய்ந்திருக்கும். ஆகவே மண் அள்ளுவதைத் தடுக்க வேண்டியதில்லை, கரையிலிருந்து தள்ளி, சேறு காய்ந்த பிறகு அள்ள வேண்டும்."

கடைசி வாக்கியத்தில் 'ஆகவே' வருகிறது ஐயா. பட்டியலிலிருந்து எடுத்ததா, வாதத்திலிருந்து வந்ததா என்று நீங்களே சொல்லுங்கள்.

கரும்பலகை:

இது வாதத்திலிருந்து வந்தது. பெரியப்பாவிடம் போனதால் வந்தது என்பேன். "நடுவில் அள்ளினால் வண்டி சேற்றில் மாட்டும்" என்ற வரியை எந்தப் பட்டியலும் தராது.

ஒன்பதாம்வகுப்பு_தமிழ்:

பெரியப்பாவிடம் போனது முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போவதற்கு முந்தைய வகுப்பில்தான் 'ஒப்புதல்' என்றால் என்ன என்று நடத்தினேன். "அவர் சொல்வது சரிதான்" என்ற வரியை எழுத அவனுக்குத் துணிச்சல் வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். அதற்கு முன் வரை, எதிர்த்தரப்பைச் சரி என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்றே வகுப்பில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் வினா ஏவல்களையும் வடமராட்சி சாரின் ஆறு வாக்கியங்களையும் வைத்துத் தொடங்குகிறேன். கரும்பலகை ஐயா, குறள் வகுப்பை எப்படி நடத்துவீர்கள் என்று விரிவாக எழுதினால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.